கிங்ஸ்நேக்கும் இடுக்கியும்

கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்திற்குத் திரும்பி வந்த பின்னர், அங்கே நான் என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தவர்களைக் காட்டிலும், வீட்டில் பாம்பு வளர்த்தது உண்மைதானா என்று விசாரித்தவர்களே அதிகம். உண்மைதான். ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் கலிபோர்னியா கிங்ஸ்நேக் இனத்தைச் சேர்ந்த இரண்டு பாம்புகள், தனித்தனிப் பெட்டிகளில், பல ஆண்டுகள் என் பொறுப்பில் வளர்ந்தன. அது தெரிந்தவுடன் வரும் அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "கையாலேயோ அக்கா சாப்பாடு குடுத்தனீங்கள்?" எங்கள் ஒழுங்கையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலர், எலிக்குஞ்சை விரல் நுனியில் பிடித்துப் பாம்பின் வாயருகே நீட்டும் காணொளிகளைக் கைபேசியில் பார்த்துவிட்டு, பாம்பு வளர்ப்பின் உச்சமே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வளர்த்தவள் என்ற முறையில் என் அபிப்பிராயம் நேர்மாறானது. கிங்ஸ்நேக் வளர்ப்பில் விரலால் ஊட்டுவதைப் போலத் தேவையற்ற காரியம் வேறில்லை. அது எத்தகைய பெட்டியில் இருக்கிறது, அந்தப் பெட்டியின் மூடி எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பவையே அதன் நலத்தையும் வளர்ப்பவரின் நிம்மதியையும் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் காரணம் இந்தப் பாம்பின் அடங்காத தீனிதான்.

பெயரைப் பார்த்துச் சிலர் இதை இராஜநாகத்துடன் குழப்பிக்கொள்கிறார்கள். இராஜநாகம் ஆசியாவின் கொடிய நஞ்சுப் பாம்பு. கிங்ஸ்நேக் வட அமெரிக்காவுக்குரிய நஞ்சற்ற பாம்பு. நம் வயல்வெளிகளில் ஓடும் சாரைப்பாம்பு எந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கலிபோர்னிய இனம் பொதுவாக மூன்று முதல் நான்கு அடி வரை வளரும். கறுப்பு அல்லது கரும்பழுப்பு உடலில் வெள்ளை வளையங்கள் இருக்கும். சிலவற்றில் வளையங்களுக்குப் பதிலாக முதுகின் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடும். நன்றாகக் கவனித்தால் இருபது ஆண்டுகள்கூட உயிர்வாழும். வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதேயில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் பிடிவாதத்துக்கு வாங்கிக் கொடுத்த பாம்பை, அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு தாய்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நிலையை ஸ்காபரோவின் தமிழ் வீடுகளிலேயே கண்டிருக்கிறேன்.

காட்டில் இது எலி, பல்லி, பறவை முட்டை என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். ஆனால் இதற்குப் பேர் பெற்றுக் கொடுத்தது மற்றப் பாம்புகளைத் தின்னும் பழக்கம். வாலை ஆட்டிச் சத்தமெழுப்பும் அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியனைக்கூட இது பிடித்து விழுங்கிவிடும். தன் நாட்டு விரியன்களின் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் இதன் இரத்தத்துக்கு உண்டு. இரையைச் சுற்றி நெரிக்கும் வலிமையில் தன்னளவேயான எலிபிடிப் பாம்புகளை இது மிஞ்சிவிடுவதை 2017இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தசையின் பருமன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானாம். கிங்ஸ்நேக் சுருள்களை ஒழுங்காக அடுக்கிப் பிடிக்கும் விதமே வித்தியாசமாம். தன்னைவிட நீளமான பாம்பை இது எப்படித் தன் வயிற்றுக்குள் அடக்குகிறது என்பதையும் 2004இல் ஆராய்ந்திருக்கிறார்கள். விழுங்கப்படும் பாம்பின் முதுகெலும்பு அலையலையாக மடிந்து உள்ளே போகிறது. இந்தச் செய்திகளை நான் ஆச்சரியத்துக்காகச் சொல்லவில்லை. வீட்டுப் பெட்டியில் இருப்பதும் இதே பிராணிதான் என்பது உணவு கொடுக்கும் நாளில் மறந்துபோகக் கூடாது.

நாய் தனக்குச் சோறு போடுகிறவரை அறியும். கிங்ஸ்நேக் அறியாது, அறியும் என்று சொல்பவர்கள் தங்கள் ஆசையைச் சொல்கிறார்கள். இது நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களை அள்ளி, வாயின் மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பில் ஒற்றிப் பார்த்தே உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. எலியின் மணம் படிந்த விரல் அதற்கு எலிதான். பசித்திருக்கும்போது, மணத்தைத் தொடர்ந்து ஏதாவது அசைந்தால் போதும், பாய்ந்துவிடும். இனத்துக்கு இனம் குணம் வேறுபடும்; மலைப்பாம்பு இனங்கள் சில உணவு விடயத்தில் நாட்கணக்கில் சிணுங்கும். கிங்ஸ்நேக் அப்படியல்ல. வைத்திருப்பவரின் கையைக் கவ்விக்கொண்டு, அதைச் சுற்றி நெரித்து, விழுங்க இடம் தேடி மெல்ல மெல்ல மென்றுகொண்டேயிருக்கும் கிங்ஸ்நேக் பற்றிப் பாம்பு வளர்ப்பவர் வட்டாரத்தில் எவரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார். அதற்குக் கோபமில்லை, பசி மட்டுமே.

ஆகையால் "கையால் ஊட்டுதல்" என்று நாங்கள் சொல்வது உண்மையில் இடுக்கியால் ஊட்டுவதையே. ஓரடிக்குக் குறையாத நீளமுள்ள, முனை மழுங்கிய இடுக்கி வேண்டும். உலோக முனையில் பாம்பு பலமாகக் கடித்தால் பல் உடையும் என்பதால், மரத்தாலான இடுக்கியையோ முனையில் இறப்பர் பொருத்திய இடுக்கியையோ பயன்படுத்துவது நல்லது. எலியை அதன் இடுப்புப் பக்கமாகப் பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்கும்படி, நிலத்தோடு ஒட்டி மெதுவாக நகர்த்த வேண்டும். மேலிருந்து இறக்கக் கூடாது. மேலிருந்து வருவது எதுவாயினும் பாம்புக்கு அது பருந்துதான்.

அந்தக் கணத்தை நெருங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் விரலின் அபாயம் விளங்கும். மரச்சீவலுக்குள்ளிருந்து மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியும். நாக்கு நீண்டு மடங்கும் வேகம் கூடிக்கொண்டே போகும். பிறகு சட்டென்று நின்றுவிடும். தலை அசையாது. கழுத்து மட்டும் பின்னோக்கி இழுபட்டு வளையும். அடுத்ததைக் கண் தொடர முடியாது: எலி இடுக்கியில் இல்லை, அதைச் சுற்றி மூன்று சுருள்கள் இருக்கின்றன. ஏற்கெனவே செத்த எலிதான், ஆனாலும் கொஞ்ச நேரம் அதை நெரித்துக்கொண்டே இருக்கும். இடுக்கியால் எலியின் காலை இலேசாக ஆட்டினால் சுருள் இன்னும் இறுகும். பிறகு பிடியைத் தளர்த்தி, மூக்கால் உடல் நீளத்துக்குத் தடவி, தலை எங்கே இருக்கிறதென்று தேடும். தலையைக் கண்டுபிடித்ததும் இடத்தாடை ஒரு முறை, வலத்தாடை ஒரு முறை என்று மாறி மாறி முன்னே நகர, தலையணைக்கு உறை போடுவதைப் போல எலியின் மேல் பாம்பு ஏறிக்கொண்டு போகும். வால் நுனி மறைந்த பின் இரண்டு மூன்று தடவை பெரிதாகக் கொட்டாவி விட்டுத் தாடைகளை இருந்த இடத்தில் பொருத்திக்கொள்ளும். இதற்குப் பிறகுதான் வளர்ப்பவர்கள் அதிகம் கடி வாங்குகிறார்கள். முடிந்துவிட்டது என்று கையை உள்ளே விடுவார்கள். பாம்புக்கோ இன்னும் முடியவில்லை, அது அடுத்த எலியைத் தேடிக்கொண்டிருக்கும்.

உணவு கொடுப்பதற்கென்று பாம்பை வேறொரு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி திறக்கப்படுவதையே உணவின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும் என்று ஒரு சாரார் வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீனி வெறியில் இருக்கும் பாம்பை இரண்டு முறை தூக்கி இடம் மாற்றுவது பெட்டிக்குள்ளேயே கொடுப்பதைவிட அபாயமானது; வயிறு நிறைந்த பின் தூக்கினால் தின்றதைக் கக்கவும் கூடும். நான் பெட்டிக்குள் ஒரு தட்டையான பீங்கான் கோப்பையை வைத்து, அதன் மேலேயே கொடுத்தேன். எலியோடு மரச்சீவல் உள்ளே போகாது. உணவில்லாத நாட்களில் பாம்பைத் தூக்குவதற்கு முன் சுருட்டிய காகிதத்தால் அதன் நடு உடலை மெல்லத் தொடுவேன். தொடுகை வந்தால் தீனி இல்லை என்று சில வாரங்களில் பழகிக்கொண்டுவிடும். இந்தப் பிராணியிடம் எதிர்பார்க்கக்கூடிய பழக்கம் இவ்வளவுதான், இதுவே போதுமானது.

எலி உயிருள்ளதாக இருக்கக் கூடாது. அடைபட்ட இடத்தில் சாவைக் காணும் எலி திருப்பிக் கடிக்கும். கண்ணையும் முதுகையும் எலியிடம் கடிபட்டுத் தழும்பேறிய பாம்புகள் உண்டு. எலிக்கும் அது தேவையற்ற வதை. அங்கே செல்லப்பிராணிக் கடைகளில் உறைந்த எலிகள் பருமன் வாரியாகக் கிடைக்கும். மயிர் முளைக்காத குஞ்சுக்குப் பிங்கி என்றும், மயிர் அரும்பியதற்கு ஃபஸி என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள். பாம்பின் உடல் மிகப் பருத்த இடத்தில் எவ்வளவு அகலமோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு பருமனாக இருந்தால் போதும். குஞ்சுப் பாம்புக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு பிங்கி. வளர்ந்ததற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பெரிய எலி. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கிங்ஸ்நேக் வேண்டாமென்று சொல்லாது, கொழுத்துப்போகும். முதல் நாள் இரவே எலியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீங்க விட்டு, மறுநாள் பிளாஸ்ரிக் பையில் போட்டு வெந்நீரில் மிதக்க வைத்துச் சூடேற்ற வேண்டும். நடுவில் பனிக்கட்டி மிஞ்சினால் பாம்பின் வயிற்றில் அது அழுகும். மைக்ரோவேவில் வைப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் உறைந்து, சில வேளை வெடித்தும் போகும்.

சைவ சமய வீடொன்றில் இவற்றையெல்லாம் எங்கே வைப்பது என்பது தனிக் கதை. மீனும் இறைச்சியும் இருக்கும் உறைபெட்டியில் எலி இருப்பதை என் மாமியார் ஏற்கவேயில்லை. நியாயம் அவர் பக்கமே இருந்தது, ஏனெனில் ஊர்வனவற்றிலும் அவற்றின் உணவிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஆகவே நிலக்கீழ் அறையில் சிறிய உறைபெட்டி ஒன்று வாங்கி வைத்தோம். வெள்ளிக்கிழமை வீட்டில் எலி கூடாது என்றும் அவர் சொன்னார். பாம்புக்கு வெள்ளியும் சனியும் ஒன்றுதான் என்பதால் சனிக்கிழமையையே உணவு நாளாக வைத்துக்கொண்டேன். நல்லூரில் கொடியேறி இருபத்தைந்து நாளும் நாங்கள் ஸ்காபரோவில் மச்சம் சமைப்பதில்லை. "உதுகளுக்கும் விரதம் பிடிச்சால் என்ன?" என்று மாமியார் பாதி வேடிக்கையாகக் கேட்டது, உயிரியல் கணக்கில் பிழையான கேள்வியே அல்ல. வளர்ந்து நல்ல உடலோடு இருக்கும் கிங்ஸ்நேக் மூன்று நான்கு வாரம் உண்ணாதிருந்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் நான் விரதம் வைக்கவில்லை. வாகனத் தரிப்பறையில் வைத்து எலியைச் சூடேற்றிக் கொடுத்தேன்.

உண்ண மறுக்கும் குஞ்சுகளே உண்மையான தலைவலி. முட்டையிலிருந்து வெளிவந்து முதற்சட்டை கழற்றிய பின்னர்தான் அவை உண்ணத் தொடங்கும். காட்டில் அவற்றின் முதல் இரை பெரும்பாலும் சிறு பல்லி என்பதால், மயிரில்லாத எலிக்குஞ்சு உணவென்றே சிலவற்றுக்குப் புரிவதில்லை. அப்போது பிங்கியைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவி, பல்லியின் மேல் தேய்த்து மணமேற்றிக் கொடுப்பது வளர்ப்பவர்களின் பழைய உபாயம். அதுவும் பலிக்காவிட்டால், காற்றோட்டத் துளையிட்ட சிறு பிளாஸ்ரிக் கிண்ணத்தில் குஞ்சையும் பிங்கியையும் ஒன்றாக வைத்து இருட்டில் இரவு முழுவதும் விட்டுவிட்டால், காலையில் பெரும்பாலும் குஞ்சு மட்டும் இருக்கும். வாயை வலிந்து திறந்து இரையைத் திணிப்பது கடைசி வழி. அதைக் காணொளி பார்த்துப் பழகக் கூடாது, ஊர்வன அறிந்த கால்நடை வைத்தியரோ நீண்டகால அனுபவமுள்ளவரோ பக்கத்திலிருந்து காட்டித்தர வேண்டும். விரலால் ஊட்டுவதற்கு எங்கேனும் நியாயம் இருக்குமென்றால் இங்கே மட்டுந்தான். பென்சில் பருமனுள்ள குஞ்சு கடித்தால் தோலில் கீறல்கூட விழுவது அரிது.

வளர்ந்தது கடித்தால்? பற்கள் பின்னோக்கி வளைந்தவை, ஆகவே கையை இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். குழாயைத் திறந்து குளிர்ந்த நீரை அதன் தலைமேல் ஓடவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் மதுசாரம் கலந்த கைகழுவு திரவத்தில் ஒரு சொட்டை அதன் வாயோரத்தில் வைக்க, அந்தக் கசப்பில் விட்டுவிடும். பின்னர் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயத்துக்கு மருந்திட்டால் சரி. நஞ்சில்லை. கத்திக் கூச்சலிட்டு, கையை உதறி, பாம்பைச் சுவரில் அடித்துவிடுவதால்தான் பெரிய கேடு வரும்.

இனிப் பெட்டி. முதல் விதி, ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு. தனிமையில் வாடுமே என்று இரக்கப்பட்டு இரண்டை ஒன்றாக விட்டவர்கள், மறுநாள் காலையில் ஒன்றைத்தான் கண்டார்கள், அதுவும் பருத்த வயிற்றோடு. உடன்பிறந்த குஞ்சுகளும் இதற்கு விலக்கல்ல. இனப்பெருக்கத்துக்காகச் சேர்ப்பவர்கள்கூட, இரண்டுக்கும் வயிறாரக் கொடுத்துச் சில நாட்கள் போன பின்னரே, பக்கத்தில் காவலிருந்து சேர்ப்பார்கள்.

இரண்டாவது, மூடி. கிங்ஸ்நேக்கின் தலை கழுத்தைவிட அதிகம் அகலமானதல்ல. தலை நுழையும் இடத்தில் உடல் முழுவதும் நுழைந்துவிடும். இரவில் விளக்கணைத்த பின் அதன் பெட்டியருகே இருந்து பார்த்தால், மூலைக்கு மூலை மூக்கை வைத்து உந்தி, மூடியும் சட்டமும் சேரும் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே போவதைக் காணலாம். அது சலிப்பதில்லை. மூடியின் மேல் கனமான புத்தகத்தை வைத்தால் போதும் என்று சொல்பவர்கள், அதன் முதுகுத் தசை எதைத் தூக்க வல்லது என்பதைப் பார்க்காதவர்கள். மேலிருந்து தூக்கித் திறக்கும் வலைமூடியைக் காட்டிலும், முன்பக்கம் கண்ணாடி வழுக்கித் திறந்து பூட்டப்படும் பெட்டியே எனக்குப் பிடித்தது. மின்கம்பி உள்ளே போகும் துளையைப் பலர் கவனிப்பதேயில்லை. சுண்டுவிரல் நுழையும் துளை, ஒரு வயதுக் கிங்ஸ்நேக்குக்கு வாசற்கதவு. அதை வெப்பம் தாங்கும் பசையால் அடைக்க வேண்டும். தப்பிய பாம்பைத் தேடுவதானால் சூடான இடங்களிலேயே தேட வேண்டும்: குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், துணி உலர்த்தும் இயந்திரத்தின் கீழ், வெந்நீர்த் தாங்கியின் அடி. என் தோழி ஒருத்தி வீட்டில் தப்பியதொன்று சில வாரங்கள் கழித்துத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்னே நல்ல சுகத்தோடு சுருண்டு கிடந்தது. அந்த வாரங்களில் அவருடைய அம்மா கட்டிலை விட்டு இறங்கும் முன் கைவிளக்கடித்துப் பார்த்தே காலை வைத்தார்.

வளர்ந்த பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம் உள்ள பெட்டி நல்லது. குஞ்சை நேரே அதில் விட்டால் வெளியில் வந்து உண்ணவே பயப்படும். சப்பாத்துப் பெட்டியளவு இடமே அதற்குப் போதும். பெட்டியின் ஒரு பக்கம் 30 பாகை செல்சியஸ் அளவிலும், மறுபக்கம் 23 அல்லது 24 பாகையிலும் இருக்க வேண்டும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை என்பதால், எங்கே போனால் எவ்வளவு சூடு என்பதை அதன் தேர்வுக்கு விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கத்திலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு கூடு வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் பாதுகாப்பா, சூடா என்று ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு அது தள்ளப்படும். வெப்பத்தட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற் இல்லாமல் பொருத்தவே கூடாது. சூடு கூடியபோது விலகிப் போகத் தெரியாமல் வயிறு வெந்த பாம்புகளை ஊர்வன வைத்தியர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல், மூன்று விரற்கடை ஆழத்துக்கு. அதற்குள் சுரங்கம் தோண்டிக்கொள்வது கிங்ஸ்நேக்குக்கு மிகப் பிடித்த வேலை. தேவதாருச் சீவலின் வாசனை எண்ணெய் ஆகாது. முழு உடலும் அமிழத்தக்க நீர்க்கிண்ணம் ஒன்று, தினமும் மாற்றிய நீருடன். கண்கள் நீலம் பூத்து மங்கினால் சட்டை கழற்றப் போகிறதென்று அறிந்து, அது முடியும்வரை உணவையும் தொடுகையையும் நிறுத்திவிட வேண்டும். இவ்வளவுதான்.

கனடாவின் பனிக்காலத்தில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதை 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோ நகரமே கற்றுக்கொண்டது. பல வீடுகள் நாட்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தன. கிங்ஸ்நேக் குளிரைத் தாங்கும். அதன் சொந்த நாட்டில் குளிர்காலம் முழுவதும் நிலத்தடியில் ஒடுங்கியே கிடக்கிறது. ஆனால் வயிற்றில் எலி இருக்கும்போது குளிர் வந்தால் செரிமானம் நின்று, உள்ளேயே அழுகத் தொடங்கும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் உணவைத் தள்ளிப்போடுவது வழக்கம்.

யாழ்ப்பாணத்தில் பிரச்சினை தலைகீழானது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 33, 34 பாகைக்கு ஏறும். தகரக் கூரையோ அஸ்பெஸ்ரஸ் கூரையோ போட்ட அறைக்குள் இன்னும் கூடும். கிங்ஸ்நேக்குக்கு வேண்டிய 23 பாகைப் பக்கத்தை இங்கே குளிரூட்டி இல்லாமல் உண்டாக்க முடியாது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களை நினைத்துப் பார்த்தால், குளிரூட்டியை நம்பி ஒரு பிராணியை வைத்திருப்பது எத்தகைய பொறுப்பின்மை என்பது விளங்கும். அதற்கு முன்னமே சட்டம் குறுக்கே நிற்கிறது, நிற்கவும் வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமின்றி வெளிநாட்டு ஊர்வன எதனையும் இலங்கைக்குள் கொண்டுவர முடியாது. ரொறன்ரோவிலும் எல்லாப் பாம்பும் வளர்க்கலாம் என்றில்லை. மூன்று மீற்றருக்கு மேல் வளரும் இனங்களும் நஞ்சுப் பாம்புகளும் அந்நகரத்தில் தடைசெய்யப்பட்டவை. கிங்ஸ்நேக் அந்த அளவுக்குள் அடங்குவதால்தான் எங்கள் வீட்டில் இருந்தது. ஊருக்கு வர முடிவான போது இரண்டையும் அந்தத் தோழியிடமே ஒப்படைத்துவிட்டேன். வீட்டின் துளைகளையெல்லாம் அவர் ஏற்கெனவே அடைத்து முடித்திருந்தார்.

"ஒண்டு தப்பினால் என்ன அக்கா, நஞ்சில்லைத்தானே?" என்று ஒழுங்கைப் பிள்ளைகளில் ஒருவன் கேட்டான். அதற்கு ஸ்பெயினின் கனரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனரியாவைத்தான் காட்ட வேண்டியிருந்தது. வளர்ப்பிலிருந்து தப்பியோ விடப்பட்டோ போன கலிபோர்னியா கிங்ஸ்நேக்குகள் 1998இல் அங்கே முதன்முதலாக வெளியில் காணப்பட்டன. பாம்பே இல்லாதிருந்த அந்தத் தீவில், உலகில் வேறெங்கும் இல்லாத பெரும் பல்லியினம் ஒன்று பாம்பென்றால் என்னவென்று அறியாமலே வாழ்ந்துகொண்டிருந்தது. பாம்பு பரவிய இடங்களில் அந்தப் பல்லி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அற்றுப்போனதென்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்டுதோறும் ஆட்களை வைத்துப் பிடித்தும் பாம்பு ஒழியவில்லை. பிடிபட்டவற்றில் வெளிறிய வெண்ணிறப் பாம்புகள் பல இருந்தன; கடைகளுக்காகப் பெருக்கிய வம்சம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. நம் பனங்கூடல்களின் அரணையையும் ஓணானையும் சிறு பாம்புகளையும் கிங்ஸ்நேக் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது மனிதர்களுக்கானது. கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட கலிபோர்னியா கிங்ஸ்நேக்கையும், நம் எட்டடி விரியனையும் அரை வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்தால், என்னால்கூட ஒரு கணம் தயங்காமல் சொல்ல முடியாது. எட்டடி விரியனும் மற்றப் பாம்புகளைத் தின்பதுதான். இரவில் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டு, வலியும் வீக்கமும் அதிகம் காட்டாமலே மூச்சை நிறுத்தக்கூடியது. வளையம் போட்ட பாம்பைக் கையில் சுற்றி விளையாடும் காட்சிகளை இந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்துப் பழகுவது எனக்கு நல்லதாகப் படவில்லை. என் கைபேசியிலிருந்த படங்களை நான் அவர்களுக்குக் காட்டுவதை நிறுத்தியதும் இதனால்தான்.

பால் வைப்பதில்லையா என்று என் அம்மா ஒரு முறை கேட்டார். நாகர்கோவில் நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைத்துக் கும்பிடும் ஊரில் அது இயல்பான கேள்விதான். கிங்ஸ்நேக்கின் நெருங்கிய உறவான மில்க்ஸ்நேக் ஒன்ராறியோ மாகாணத்திலேயே காட்டில் வாழ்கிறது. அது மாட்டுத் தொழுவத்துக்கு வந்து மடியில் பால் குடிக்கும் என்று வட அமெரிக்கக் கமக்காரர்களும் நெடுங்காலம் நம்பினார்களாம். தொழுவத்துக்கு அது வந்தது எலிக்காக. பாலைச் செரிக்கும் வயிறு எந்தப் பாம்புக்கும் இல்லை. தாகம் மிகுந்தால் எந்தத் திரவத்தையும் குடித்துவிடும், அவ்வளவே. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, கும்பிடுவது பாம்பின் பசிக்காக அல்லவே என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, வேண்டியதும் இல்லை.

ஸ்காபரோத் தோழி ஒவ்வொரு நவம்பரிலும் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைப்பார்: ஆண் பாம்பு எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை, என்ன செய்வது? அறை சூடாகவே இருந்தாலும், பகல் சுருங்குவதை அது எப்படியோ அறிந்துகொண்டு உணவைக் குறைத்துவிடும். வசந்தத்தில் பெண்ணைத் தேடும் காலத்திலும் ஆண் இப்படித்தான் இருக்கும். எலியை வாரந்தோறும் நீட்டித் தொந்தரவு செய்யாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கேட்டுப் பார்த்து, அது தொடாததை அப்புறப்படுத்திவிட வேண்டும். அதற்கென்றே வைத்திருக்கும் தராசில் பாம்பைப் பருத்திப் பையிலிட்டு நிறுத்து, நிறையைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். நிறை அப்படியே இருக்கும்வரை பட்டினி எத்தனை வாரம் நீண்டாலும் கவலையில்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயோரத்தில் நுரை கண்டாலோ, ஊர்வன பார்க்கும் வைத்தியரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். எல்லாக் கால்நடை வைத்தியர்களும் பாம்பைப் பார்ப்பதில்லை என்பதால், அப்படிப்பட்டவரின் தொலைபேசி இலக்கத்தைப் பாம்பு வாங்கும் முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும்.